சீனத் தெருவில் பிடித்த கை

1

பகல் ஒன்று பத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். எதிரே இருந்த நகைக்கடையின் சுவர் மணிக்கூட்டை அப்போதுதான் பார்த்து, சிங்க ஆட்டம் முடிந்ததும் பாவற்காயை வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்குள் மெற்றோ ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

உடனே முதலாவது வெடி வெடித்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது ஒரு பலசரக்குக் கடையின் நிலவறை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பிள்ளையின் தலையை வயிற்றோடு அமத்திப் பிடித்தபடி குந்தியிருந்தேன்.

இது நடந்தது போன வருடம், மொன்றியல் நகரத்துச் சீனத் தெருவில், அவர்களுடைய புதுவருடத்தன்று. நேற்று மறுபடியும் அவர்களுக்குப் புதுவருடம். பஸ்ஸில் ஒரு பெண் சிவப்புக் காகித விளக்குக்கூடு ஒன்றை மடியில் வைத்திருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வரும்போதுதான் இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் இங்குள்ள பனியைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். பனி குளிராக இருக்கிறது. இனி மற்றதைச் சொல்கிறேன்.

2

ஊரில் நான் சரித்திரம் படிப்பித்தேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். சிலர் என்னிடம் அடியும் வாங்கியிருப்பீர்கள். இங்கே சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கிறேன். என்ன நோய்க்கான குளிசை என்று எங்களுக்குச் சொல்வதில்லை. இவர், என் கணவர், துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மேலே ஒரு தமிழ்க் குடும்பம், கீழே ஒரு தமிழ்க் குடும்பம். அந்த இரண்டு குடும்பத்துக்கும் பேச்சில்லாததால் எல்லாச் செய்தியும் எங்கள் வழியாகத்தான் ஏறி இறங்கும்.

மகள் ஆரணிக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். இந்த மாகாணத்தின் சட்டப்படி எங்களைப்போல வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குத்தான் போகவேண்டும். நான் தமிழில் கேட்பேன். அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் விளங்கிவிட்டதுபோல அடுத்த வேலையைப் பார்ப்போம். பேக்கரியில் நான் என்னுடைய பிரெஞ்சில் பாண் கேட்டால், அவள் இரண்டடி தள்ளிப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்குகளை ஆராய்வாள். பாண் கேட்கும் பெண்மணிக்கும் தனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது கடைக்காரருக்கு விளங்கவேண்டும்.

அவளுக்கு நான் ஒழுங்காகப் படிப்பித்த பாடம் ஒன்றுதான். தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். யார் கேட்டாலும் பெயர் சொல்லக்கூடாது, எந்த ஊர் என்று சொல்லக்கூடாது. வாயே திறக்கக்கூடாது. ஊரில் பெயர் கேட்டவர்களுக்குப் பெயர் சொல்லி நல்லது நடந்ததாக எனக்கு நினைவில்லை. கனடாவில் அப்படி இல்லை என்று அவளுடைய வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அன்பாக விளக்கினார். தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டில் இன்னொரு தடவை படிப்பித்தேன்.

அந்த ஆசிரியைதான் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். நகரத்தின் பழைய பகுதி ஒன்றைப் பற்றி வகுப்பில் எழுந்து நின்று பேசவேண்டும். ஆரணி சீனத் தெருவைத் தெரிந்தெடுத்தாள். புதுவருடத்தன்று அங்கே சிங்கம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சரித்திர ஆசிரியையின் கையில் இப்படி ஒன்று கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நூலகத்துக்குப் போனேன். எழுதினேன். எட்டு வயதுப் பிள்ளை மூன்று நிமிடம் பேசுவதற்குப் பதினோரு பக்கம் வந்தது.

சனிக்கிழமை வெளிக்கிடும்போது இவர் கேட்டார்: "சிங்கம் பாக்கப் போறியளோ, பாவற்காய் வாங்கப் போறியளோ?"

"ரெண்டுக்கும்தான்."

"அங்கை நிண்டு அவளுக்குச் சரித்திரம் படிப்பிக்க வெளிக்கிடாதையும். பிள்ளை சிங்கத்தைப் பாக்கட்டும்."

"நான் ஏன் அங்கை நிண்டு படிப்பிக்கிறன்?" என்றேன்.

மெற்றோவிலேயே படிப்பித்து முடித்தேன்.

3

நான் சொன்னது சுருக்கமாக இதுதான். இந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில் மலையை உடைத்து ரயில் பாதை போடுவதற்குச் சீனர்கள் வேண்டியிருந்தார்கள். பாதை முடிந்ததும் வேண்டாதவர்களானார்கள். அவர்களில் சிலர் தாங்கள் போட்ட பாதையிலேயே ரயிலேறிக் கிழக்கே வந்து இந்த நகரத்தில் இறங்கினார்கள். வேறு வேலை கிடைக்காததால் மற்றவர்களின் உடுப்பைத் தோய்த்து மினுக்கிக் கொடுத்தார்கள். நகரம் முழுவதும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சீனச் சலவைக் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் இந்தத் தெருவுக்கு வருவார்கள். சோறு சாப்பிட, ஊர்க்கடிதம் வாசிக்க, தங்கள் மொழியில் சண்டைபிடிக்க.

"சிங்கம் எத்தனை மணிக்கு வரும்?" என்று ஆரணி பிரெஞ்சில் கேட்டாள்.

வரும் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். சீனர்களுக்கு மட்டும் அரசாங்கம் தலைவரி போட்டது. வரி கட்டியும் ஆட்கள் வந்துகொண்டிருந்ததால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் வரவே கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது நாங்கள் இன்றைக்குக் கொடி பிடித்து ஐஸ்கிறீம் குடிக்கும் கனடா நாளன்று. இருபது வருடத்துக்கு மேலாக, இங்கே இருந்த ஆண்கள் இங்கேயும், அவர்களுடைய மனைவி பிள்ளைகள் தெற்குச் சீனக் கிராமங்களிலும் இருந்தார்கள். தெரு நிறைய ஆண்கள். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு.

"அப்படியென்றால் யார் விளையாடினார்கள்?"

அதற்கு என் பதினோரு பக்கத்தில் பதில் இல்லை. ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் சேர்ந்து வைத்த சங்கங்களைப் பற்றிச் சொன்னேன். வேலை தேடித் தந்தது, கடிதம் எழுதித் தந்தது, செத்தால் புதைத்தது எல்லாம் சங்கம்தான். தமிழர் நாங்கள் வரத் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் இந்த நகரத்தில் பழைய மாணவர் சங்கங்கள் தொடங்கி, அவற்றை இரண்டாகவும் உடைத்துவிட்டோம். அவர்களுடைய சங்கங்கள் தலைமுறை தாண்டியும் அந்தந்தக் கட்டடங்களிலேயே இருக்கின்றன. அந்தக் கட்டடங்களிலும் ஒரு பகுதியை, பெரிய அரச அலுவலகம் ஒன்று கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். மிஞ்சியதுதான் இப்போது நாங்கள் பார்க்கும் தெரு.

அலுவலகங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவதற்கென்றே இங்கே ஓர் அலுவலகம் இருப்பதாக எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் அதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. கீழ் மாடிக்காரர் சொன்ன கதையில் தாய் பிள்ளையைக் கடை வாசலில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டாள். மேல் மாடிக்காரர் சொன்ன அதே கதையில் இரண்டு நிமிடம்தான்.

4

தெரு முழுக்கச் சனம். மூச்சு விட்டால் புகை வந்தது. சிங்கத்துக்குள் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். முன்னவர் தலையைத் தூக்க, பின்னவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். சிங்கம் கடை கடையாகப் போகும். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு சலாதுக் கீரைக் கட்டைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். சிங்கம் அதை எட்டிப் பிடித்துத் தின்றுவிட்டுச் சனத்தின் மேல் துப்பும். அது ஆசீர்வாதம். ஆரணியின் தொப்பியில் ஓர் இலை வந்து விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதை எடுக்கவிடவில்லை.

அவளுக்குச் சிவப்பு மேலங்கியும் சிவப்புக் கையுறையும் போட்டிருந்தேன். சிவப்பு அவர்களுக்கு மங்கல நிறம் என்று நானே எழுதியிருந்தேன். அன்று அந்தத் தெருவில் சிவப்புப் போடாத பிள்ளை இல்லை. தொப்பியும் கழுத்துத்துணியும் சுற்றினால் எல்லாப் பிள்ளைக்கும் வெளியே தெரிவது மூக்கு மட்டும்தான்.

தீய சக்திகளை விரட்ட வெடி கொளுத்துவார்கள் என்பதும் என் பதினோரு பக்கத்தில் இருந்தது. ஆறாம் பக்கம். ஊரில் நாங்கள் சீனவெடி என்று சொல்லும் அதே வெடிதான். ஒரு காலத்தில் நாங்களும் வருடப்பிறப்புக்குக் கொளுத்தினோம். பிறகு நிறுத்திவிட்டோம். எது வெடி, எது மற்றது என்று வித்தியாசம் தெரியவேண்டியிருந்தது.

சனத்தின் தலைகளுக்கு மேலாக எட்டி மணிக்கூட்டைப் பார்ப்பதற்காக ஆரணியின் கையை விட்டேன். அந்த நேரம் பக்கத்துக் கடை வாசலில் தொங்கிய வெடிச் சரத்துக்கு நெருப்பு வைத்தார்கள்.

எங்கள் பாடசாலையில் ஒரு விதி இருந்தது. குண்டுபோட வரும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் ஒவ்வோர் ஆசிரியரும் தனக்குக் கிட்ட நிற்கும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பங்கர் குழிக்குள் இறங்கவேண்டும். எந்த வகுப்பு, யாருடைய பிள்ளை என்று பார்க்கக்கூடாது. தன்னுடைய பிள்ளையைத் தேடக்கூடாது. தேடினால் இரண்டு பிள்ளைகள் வெளியே நிற்கும். உங்களுடைய பிள்ளையை, அதற்குக் கிட்ட நிற்கும் ஆசிரியர் கொண்டுவருவார். நாங்கள் அதைப் பயிற்சி செய்திருந்தோம். நான்தான் விசில் ஊதுவேன்.

அன்றைக்கும் கை தானாகப் போய்க் கிட்ட இருந்த சிவப்புக் கையுறையைப் பிடித்தது. கால் தானாகப் படி இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்தது. பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு கதவு, கீழே படிகள், சுவரோடு சுவராக அரிசி மூட்டைகள். மண் மூட்டையைவிட நன்றாக அடுக்கியிருந்தார்கள். பிள்ளையை மூலையில் இருத்தி, மேலே குனிந்து மறைத்து, காதைப் பொத்தினேன். மேலே வெடி ஓயவில்லை. ஒரு கடை முடிய அடுத்த கடை தொடங்கியது.

வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் மரியாதையான பிரெஞ்சில் கேட்டது: "மடம், இது ஒளித்துப் பிடிக்கிற விளையாட்டா?"

ஆரணி என்னை மடம் என்று கூப்பிடுவதில்லை.

5

கழுத்துத்துணியை இறக்கிப் பார்த்தேன். ஆறு வயதிருக்கும் ஒரு சீனச் சிறுமி. பயந்ததாகத் தெரியவில்லை. விளையாட்டின் விதிகளைச் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

அந்த நேரம் படியில் விளக்குப் போட்டுக்கொண்டு கடைக்காரப் பெண் இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். பெயர் திருமதி வோங் என்று பிறகு அறிந்தேன். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"அரிசி வேணுமெண்டால் மேலை கேட்டிருக்கலாமே" என்றார்.

சொல்லிப் பார்த்தேன். வெடி, பங்கர், பாடசாலை, கையுறை. சொல்லச் சொல்ல எனக்கே பொய்போலக் கேட்டது. மாறிப் பிடித்துவிட்டேன், என் பிள்ளை வெளியே நிற்கிறாள் என்று முடித்தேன்.

"அப்ப இது ஆற்றை பிள்ளை?"

"தெரியாது."

"உன்ரை பிள்ளை எங்கை?"

"தெரியாது."

"நல்லது" என்றார். "மேலை வா."

தெருவுக்கு ஓடினேன். சிறுமியின் கையை விடவில்லை. விட்டால் தொலைந்த பிள்ளைகள் இரண்டாகிவிடும். நகைக்கடைக்கு எதிரே சிவப்புக் கடதாசித் துண்டுகள் பனியில் பரவிக் கிடந்தன. சிங்கம் போய்விட்டது, சனமும் அதன் பின்னால் போய்விட்டது. நின்ற இடத்தில் நில் என்று நான் படிப்பித்த இடத்தில் யாரும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சிவப்பு மேலங்கி போட்ட எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

திருமதி வோங் என் தோளைப் பிடித்து இழுத்துக் கடைக்குள் விட்டார். "நீ அங்கை ஓட, அவை இங்கை வர, பேந்து ஆர் ஆரைத் தேடுறது? நில். யன்னலுக்கு ரெலிபோன் அடிச்சுப் பாப்பம்."

யன்னல் என்றால் மூலை தாண்டி இருக்கும் ஒரு சங்கத்தின் மேல்மாடி. திருவிழா நாளில் தெருவில் தனியாக நிற்கும் எந்தப் பிள்ளையையும் அங்குள்ள கிழவர்கள் மேலே கொண்டுபோய், தெருவைப் பார்த்த யன்னலடியில், மேசைமேல் கதிரை போட்டு இருத்திவிடுவார்களாம். தேடி வருபவர்களுக்கு அண்ணாந்து பார்த்தால் தெரியும். எப்போதிருந்து இப்படி என்று அவருக்கும் தெரியாது. சின்ன வயதில் அவரையே அங்கே இருத்தியிருக்கிறார்கள்.

சீன மொழியில் நீண்ட நேரம் பேசிவிட்டு ரெலிபோனைக் கையால் பொத்தினார்.

"ஒரு பிள்ளை இருக்குதாம். உன்ரை நிறம்தானாம். ஆனால் ஊமையாம். பிரெஞ்சிலை, இங்கிலிசிலை, சீனத்திலை எல்லாத்திலையும் கேட்டாச்சாம். ஒரு சத்தமும் இல்லையாம்."

"என்ரை பிள்ளை ஊமை இல்லை. வாய் மூடாது."

"அப்ப அது வேறை பிள்ளை."

தொலைந்தது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. கீழ் மாடிக்காரரின் ஐந்து நிமிடமும் தாண்டிவிட்டது. பிறகுதான் நான் படிப்பித்த பாடம் நினைவுக்கு வந்தது.

"கையுறை என்ன நிறமெண்டு கேளுங்கோ."

கேட்டார். "சிவப்பாம்" என்றார். "இண்டைக்கு எல்லாருக்கும் சிவப்புத்தான். இரு, இஞ்சை கொண்டுவரச் சொல்லுறன். உன்ரை இல்லையெண்டால் திருப்பி அனுப்புவம்."

அப்போது கதவு திறந்து ஒரு பொலிஸ்காரர் உள்ளே வந்தார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காணவில்லை, சிவப்பு மேலங்கி, தாய் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். கைக்குள் சிறுமியின் கை. இந்த மடம் யார் என்று கேட்டார்.

ஊரிலென்றால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். இங்கே திருமதி வோங்கின் முகத்தைப் பார்த்தேன்.

"பிள்ளையின் பெரியம்மா" என்றார் திருமதி வோங், தராசைத் துடைத்துக்கொண்டே.

பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார். சிறுமியின் முகத்தைப் பார்த்தார். சிறுமி, விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்திருக்கவேண்டும், என் கையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். பெரிய குடும்பமாக்கும் என்பதுபோல அவர் ஏதோ சொல்லித் தலையை ஆட்டிவிட்டு, தாய்க்கு அறிவிக்க வெளியே போனார். அப்படி, அன்று பகல் கொஞ்ச நேரம் நான் ஒரு சீனப் பிள்ளைக்குப் பெரியம்மாவாக இருந்தேன்.

திருமதி வோங் என் பக்கம் ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார்.

"நான் இந்தத் தெருவிலைதான் பிறந்தனான்" என்றார். "அப்ப பிள்ளையள் எண்டு நாங்கள் கொஞ்சப் பேர்தான். ஞாயிற்றுக்கிழமையிலை சலவைக் கடைக்காரர் எல்லாம் எங்கடை வீட்டு வாசலிலை வரிசையிலை நிப்பினம். என்னைத் தூக்க. ஒராள் கொஞ்ச நேரம் தூக்கி வைச்சிருந்திட்டு அடுத்த ஆளிட்டைக் குடுக்கவேணும். கூட நேரம் வைச்சிருந்தால் பின்னாலை நிக்கிறவை சத்தம் போடுவினம். அவையின்ரை பிள்ளையள் எல்லாம் அங்கை. படத்திலைதான் பாத்திருப்பினம்."

"உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

"எரிச்சலாத்தான் இருந்தது. எல்லாரிலையும் சவுக்கார மணம்."

யார் விளையாடினார்கள் என்று ஆரணி கேட்டதற்கு அதுதான் பதில் என்று பிறகு நினைத்தேன். அப்போது ஒன்றையும் நினைக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

முதலில் சிறுமியின் தாய் வந்தார். ஓடி வந்ததில் தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது. பிள்ளையை இழுத்து எடுத்து, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். பிள்ளை பிரெஞ்சில் படபடவென்று சொன்னாள்: இந்த மடம் என்னை அரிசிக்குள் ஒளித்துவைத்தார், காதைப் பொத்தினார், நாங்கள்தான் வென்றோம்.

தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். ஏச்சு விழும், அல்லது அடி விழும் என்று நின்றேன். அடி விழுந்தால் நல்லது என்றும் பட்டது.

"வெடிச் சத்தத்துக்கா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"சண்டை நேரம் நாங்கள் சைகோனில் படிக்கட்டுக்குக் கீழே" என்றார். பிள்ளையின் மூக்கைத் துடைத்து, கழுத்துத்துணியைச் சரியாகச் சுற்றிவிட்டு, என்னுடைய கழுத்துத்துணியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் காத்திருந்தேன். ஆட்கள் வந்து இஞ்சி வாங்கினார்கள், நண்டு வாங்கினார்கள். ஒரு தமிழர் வந்து முருங்கைக்காய் இல்லையா என்று கேட்டு, என்னைக் கண்டு, "என்ன ரீச்சர், சிங்கம் பாத்தாச்சோ?" என்றார். ஓம் என்றேன்.

கதவு திறந்தது. கழுத்துப்பட்டி கட்டிய மெலிந்த கிழவர் ஒருவர். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆரணி. மற்றக் கையில் ஒரு தோடம்பழம், உரிக்காதது. தொப்பியில் அந்தச் சலாது இலை இன்னும் இருந்தது.

கதிரையின் நுனிக்கு வந்தேன்.

கிழவர் சொன்னதைத் திருமதி வோங் சொன்னார்: "நல்ல பிள்ளையாம். தோடம்பழம் குடுத்தவையாம், தின்னேல்லையாம். இவர் கண்டபோது சனத்துக்கு நடுவிலை ஆடாமல் அசையாமல் நிண்டதாம். ஒரு கையை இப்பிடி நீட்டினபடி."

தன் கையை நீட்டிக் காட்டினார்.

நான் மற்றப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓடியதை ஆரணி பார்த்திருக்கிறாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையுறைகள் எல்லாம் ஒரே நிறம் என்று சொல்லலாம். பங்கரைப் பற்றிச் சொல்லலாம். பதினோரு பக்கம் எழுதிய கையை மடியில் விரித்துவைத்துக்கொண்டு இருந்தேன்.

தோடம்பழத்தைக் கிழவரிடம் கொடுத்தாள். வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். பிறகு கிட்ட வந்து, வெறும் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இனிப் பாத்துப் பிடியுங்கோ, அம்மா" என்று தமிழில் சொன்னாள்.